‘வணக்கம்’ சொல்ல எத்தனை எண்கள் தேவை?

ஈப்போவில் இருக்கும் தோழிக்குக் கைப்பேசியில் ‘வணக்கம்’ என்று தட்டி அனுப்புகிறீர்கள். அடுத்த நொடியே அவருடைய திரையில் அதே ‘வணக்கம்’ தெரிகிறது. அவருடைய கைப்பேசி வேறு நிறுவனத்தினுடையது. அதில் இயங்கும் மென்பொருளும் வேறு. இருந்தாலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

1990களில் இப்படி ஒரு செய்தியை அனுப்பியிருந்தால், பெறுபவரின் திரையில் பல நேரங்களில் பொருளற்ற குறியீடுகள்தாம் வந்திருக்கும். அப்படியென்றால், இடையில் என்ன மாறியது?

இலவசமாகக் கிடைத்த வலை

நாம் அன்றாடம் பார்க்கும் இணையப் பக்கங்கள் எல்லாம் ‘உலகளாவிய வலை’ என்னும் அமைப்பில் அடங்கும். சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989ஆம் ஆண்டில் இதற்கான திட்டத்தை எழுதினார்.

அவர் வகுத்தவை மூன்று விதிகள். பக்கத்தை எப்படி எழுதுவது என்பதற்கு எச்டிஎம்எல். பக்கத்துக்கு எப்படி முகவரி தருவது என்பதற்கு யுஆர்எல். பக்கத்தைக் கணினிக்குக் கணினி எப்படி அனுப்புவது என்பதற்கு எச்டிடிபி. இந்த விதிகளைப் பின்பற்றினால் எந்தக் கணினியும் வலையில் சேரலாம்.

1993 ஏப்ரல் 30ஆம் தேதி, இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. வலை உலகெங்கும் விரைவாகப் பரவ அது பெரிய காரணம். ஆனால், தமிழுக்கு இன்னொரு விதியும் தேவைப்பட்டது.

எழுத்துக்குப் பின்னால் ஓர் எண்

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினால் கணினி அதற்குரிய எண்ணைச் சேமிக்கிறது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், குறிகள் ஆகியவற்றோடு அட்டவணை நிரம்பிவிட்டது.

எனவே தமிழ் ஆர்வலர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் எழுத்துகளை வரைந்து எழுத்துருக்களை உருவாக்கினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் வலையில் ஏறியபோது, தமிழ்க் கவிதைகளை அதில் இடம்பெறச் செய்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி.

முயற்சிகள் பெருகியபோது ஒரு சிக்கலும் பெருகியது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண் கொடுத்திருந்தார்கள். ஓர் எழுத்துருவில் ‘க’வாகத் தெரியும் எண், இன்னொன்றில் வேறோர் எழுத்தாகத் தெரியும். ஒரு பக்கத்தைப் படிக்க அதற்கென்று தனி எழுத்துருவைப் பதிவிறக்கம் செய்ய வேண்டும். இதைத் தீர்க்கத் தமிழ்க் கணினி வல்லுநர்கள் 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மாநாடு கூடிப் பேசினார்கள்.

உலகத்துக்கு ஒரே அட்டவணை

நிலையான தீர்வு ஒருங்குறியாக வந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் அட்டவணை இது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனாலும் கணினிகளும் மென்பொருள்களும் அதை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

ஒருங்குறியில் ‘அ’வின் எண் 2949. ‘க’வின் எண் 2965. ‘கெ’ எப்படிச் சேமிக்கப்படுகிறது தெரியுமா? முதலில் ‘க’வுக்கு 2965, அடுத்து ஒற்றைக் கொம்புக்கு 3014. நாம் கொம்பை முதலில் எழுதுகிறோம். கணினியோ அதைப் பின்னால் சேமித்து, திரையில் காட்டும்போது முன்னால் கொண்டுவந்து வைக்கிறது.

‘வணக்கம்’ என்பதில் ஐந்து எழுத்துகள். ஆனால், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி எண் உண்டு என்பதால் மொத்தம் ஏழு எண்கள். இன்று வலையில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் இவற்றைச் சேமிக்க 21 பைட் தேவை.

எண் ஒன்றானதும் தேடல் எளிதானது. 2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2011ஆம் ஆண்டில் ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிக்கு இடம் கிடைத்தது. பார்வையற்ற ஒருவருக்குக் கைப்பேசி இன்று தமிழ்ச் செய்தியை வாசித்துக் காட்ட முடிகிறது என்றால், அதற்கும் இந்த எண்களே அடிப்படை.

அடுத்து என்ன?

தொடக்கத்தில் பெரும்பாலோர் வலையைப் படிக்க மட்டுமே செய்தார்கள். பிறகு எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். இப்போது இயந்திரங்களும் படிக்கின்றன. செயற்கை நுண்ணறிவு, மனிதர்கள் எழுதியவற்றிலிருந்து மொழியைக் கற்கிறது. வலையில் தமிழைவிட ஆங்கிலமே மிக மிக அதிகம். அதனால் இத்தகைய மென்பொருள்கள் பொதுவாக ஆங்கிலச் சொல்லை முழுதாகவே எடுத்துக்கொள்கின்றன. தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன. தமிழில் அவை தடுமாற இதுவும் ஒரு காரணம்.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பள்ளித் தமிழ் மன்ற அறிவிப்பைப் படமாக மட்டும் பதிவேற்றினால், தேடுபொறியின் கண்ணில் அது படாமல் போகலாம். வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதைத் தவறவிடலாம். அதே அறிவிப்பை எழுத்தாகவும் சேர்த்தால் மனிதரும் படிப்பர், இயந்திரமும் படிக்கும். பழைய எழுத்துருவில் முடங்கிக் கிடக்கும் தாத்தாவின் கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுப்பதும் நல்ல பணிதான்.

செய்து பாருங்கள்

கணினியில் வெறும் உரைக் கோப்பு ஒன்றைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

அம்மா

கோப்பின் பெயரை, ஒரு புள்ளியும் எச்டிஎம்எல் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் கொண்டு முடித்துச் சேமியுங்கள். பிறகு அதை உலாவியில் திறங்கள். ஐந்து எண்களும் சேர்ந்து ஒரு சொல்லைக் காட்டும். நீங்கள் முதன்முதலில் பேசிய சொல்லாகவும் அது இருக்கலாம்.