வெயில் தின்ற வைப்பர்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு உள்மாவட்டத்தில் ஆடிய ஆட்டம் அது. ஏரி நிரம்பி வழிந்ததில் சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அப்படியொரு மழையில் எந்த வைப்பரும் எடுபடாது. வண்டியை மேட்டுப் பகுதியில் ஓரங்கட்டிவிட்டுக் காத்திருப்பது ஒன்றே வழி.

ஆனால், அத்தகைய பேய்மழை எப்போதோ ஒருமுறை வருவது. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வண்டி ஓட்டுகிறவர்களைச் சோதிப்பது சாதாரண மழைதான். ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்தில் காற்றும் இடியுமாக வந்து, மாங்காயை உதிர்த்துவிட்டு, அரை மணியில் ஓய்ந்துவிடும் கோடை மழை அதில் ஒன்று. ஷிப்ட் முடிந்து ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போகும் கார்கள் ஒரு சாரி; பெங்களூரிலிருந்து திரும்பி வருபவை மறு சாரி. நடுவில் கண்டெய்னர் லாரிகள். முதல் தூறல் விழுந்ததும் வைப்பரைத் தட்டினால், கண்ணாடியில் இருந்த புழுதி சேறாகிக் கோடுகோடாக இழுபடுகிறது. எதிரே வரும் விளக்கு வெளிச்சம் அந்தக் கோடுகளில் பட்டுச் சிதறி, முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடக் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகிறது.

வண்டி செய்யும் வேலையில் இந்தப் பகுதிக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் உண்டு. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் ஓசூருக்கு வந்து காலூன்றியதை ஒட்டியே ஊரும் வளர்ந்தது. வைப்பரை இயக்கும் மோட்டாரும் தமிழ்நாட்டுக்குப் பழக்கமான சரக்குதான். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்புகளில் அதுவும் ஒன்று. அந்த மோட்டார் பல ஆண்டுகள் உழைக்கும். அதன் முனையில் ஆடும் ரப்பருக்கோ ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டுதான் ஆயுள்.

ஏன் இவ்வளவு குறைவு? ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். வழிநெடுக மழை பெய்தால் ஒரு மணி நேரம் வைப்பர் ஓடும். நிமிடத்துக்கு நாற்பது முறை என்று வைத்துக்கொண்டாலும் 2,400 முறை போய்த் திரும்புகிறது. போகும்போது ரப்பரின் மெல்லிய விளிம்பு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரை வழித்துத் தள்ளும்; திரும்பும்போது மறுபக்கம் சாயும். இந்தச் சாய்வு இருக்கும்வரைதான் கண்ணாடி சுத்தமாகும். விளிம்பு விறைத்துவிட்டால் சாயாமல் கண்ணாடியைக் குத்திக் குத்தி நகரும். கடகடவென்று எழும் சத்தம் அதனால் வருவதே.

இத்தனை வேலை வாங்கியும் ரப்பரைக் கெடுப்பது மழையைவிட வெயில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த மாவட்டத்தில் மழை பெயருக்குத்தான். வெட்டவெளிப் பார்க்கிங்கில் காலையிலிருந்து மாலைவரை நிற்கும் காரில், சுட்டுக் கிடக்கும் கண்ணாடியோடு ஒட்டியபடி ரப்பர் வேகிறது. புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரின் மேற்பரப்பைத் தாக்கி நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. கோடை மழை வரும் நாளில் வைப்பர் பார்வைக்கு முழுதாகத்தான் இருக்கும். விரலால் விளிம்பை நீவிப் பார்த்தால் ரப்பர் கெட்டிப்பட்டு, அங்கங்கே பொரிந்து, நகம் பட்ட இடத்தில் துணுக்காக உதிரும்.

இந்த வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் கிரானைட்டுக்குப் பேர்போனவை. குவாரி, பாலிஷ் போடும் பட்டறை, பாறை ஏற்றிய லாரி எல்லாம் சேர்ந்து சாலையில் தூவும் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கின்றன. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5. கடினமானது மென்மையானதைக் கீறும். காலையில் வண்டியை எடுத்ததும் தூசியைத் தள்ள ஈரமில்லாமல் வைப்பரைப் போடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த ஒரு தட்டலில் ரப்பரும் தேய்கிறது, கண்ணாடியிலும் வில்வளைவாகக் கீறல் விழுகிறது. ரப்பரை மாற்றிவிடலாம், கீறல் போகாது. ஆகவே முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, தூசி நனைந்து இளகிய பிறகே வைப்பர் ஓட வேண்டும். வாஷர் தொட்டியில் உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றினால் வெள்ளைக் கறை படியும், துவாரமும் அடைத்துக்கொள்ளும். வடிகட்டிய நல்ல தண்ணீரும் அதற்கென்று விற்கும் திரவமும் போதும்.

வைப்பரின் அடிப்படை நூற்றிருபது ஆண்டுகளாக மாறவில்லை. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், பனிக்காலத்தில் நியூயார்க் போயிருந்தபோது, டிராம் ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்கப் படும் பாட்டைக் கண்டார். உள்ளேயிருந்து கைப்பிடியால் அசைக்கும் ஒரு கருவியை வடிவமைத்து 1903 நவம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். கண்ணாடியை ஸ்பிரிங் விசையால் அழுத்தும் ஒரு கை, அதன் முனையில் ரப்பர். இன்றைய காரிலும் இவையேதான். கைப்பிடி போய் மோட்டார் வந்திருக்கிறது. எந்த நிறுவனமும் வாங்க முன்வராததால் அவருக்கு அதிலிருந்து வருமானம் கிடைக்கவில்லை.

எப்போது மாற்றுவது என்பதைக் கண்ணாடியே சொல்லும். மெல்லிய கோடுகள் விழுந்தால் விளிம்பு கிழிந்திருக்கிறது, அல்லது அழுக்கு ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தும் கோடு நின்றால் மாற்ற வேண்டியதுதான். நடுவில் அகலமான பட்டை துடைபடாமல் நின்றால் பிளேடின் சட்டம் வளைந்திருக்கும். புது ரப்பர் போட்டும் கடகடத்தால் பிளேடைத் தாங்கும் கையான ஆர்ம் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது கண்ணாடியில் மெழுகோ எண்ணெயோ படிந்திருக்கலாம்.

மாற்றும் வேலைக்கு மெக்கானிக் தேவையில்லை. முதலில் அளவு. ஓட்டுநர் பக்கத்து பிளேடு பல கார்களில் நீளம், மறுபக்கம் குட்டை. டேப் வைத்து இரண்டையும் தனித்தனியாக அளந்து, அங்குலக் கணக்கில் கடையில் கேட்க வேண்டும். நீளம் கூடினால் இரண்டும் மோதிக்கொள்ளும். குறைந்தால் ஓரம் துடைபடாது. ஆர்மின் முனை கொக்கியாக வளைந்ததா, வேறு வகையா என்பதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

என்ஜினை அணைத்துவிட்டு ஆர்மைத் தூக்கி நிறுத்தியதும் செய்ய வேண்டிய முதல் காரியம், கண்ணாடியின் மேல் ஒரு கனத்த துண்டை மடித்துப் போடுவது. பிளேடு கழன்ற ஆர்ம் வெறும் இரும்பு. கை தவறினால் ஸ்பிரிங் விசையோடு வந்து கண்ணாடியில் மோதும். விரிசல் விட்டால் ரப்பருக்குப் பார்த்த காசு போல் பல மடங்கு செலவு. துண்டு போட்ட பிறகு, கொக்கிக்குள் இருக்கும் கிளிப்பை விரலால் அழுத்தியபடி பிளேடைக் கீழ்நோக்கித் தள்ளினால் கழன்று வரும். புதியதைக் கொக்கிக்குள் நுழைத்து, ‘டக்’கென்று பூட்டும்வரை மேல்நோக்கி இழுக்க வேண்டும். சத்தம் கேட்காவிட்டால் ஓடும்போது பறந்துவிடும். ரப்பரின் மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் அதை உருவிவிட்டு, ஆர்மைக் கையால் பிடித்தபடியே மெல்ல இறக்க வேண்டும். சில கார்களில் வைப்பர் பானட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை மேலே கொண்டுவந்து நிறுத்தும் முறை வண்டியின் கையேட்டில் இருக்கும்.

சட்டம் நன்றாக இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். செலவு இன்னும் குறைவு. பழைய ரப்பரைப் பூட்டியிருக்கும் முனையை விடுவித்து உருவினால், அதன் இரு பக்கமும் மெல்லிய இரும்புப் பட்டைகள் தெரியும். அவற்றின் வளைவு எந்தப் பக்கம், காடி எங்கே என்று கவனித்துக்கொண்டு, புதிய ரப்பரில் அப்படியே பொருத்தி, சட்டத்தின் ஒவ்வொரு நகத்துக்குள்ளும் நுழைத்துக் கடைசியில் பூட்ட வேண்டும். ஒரு நகம் விடுபட்டாலும் ரப்பர் வழுவி, இரும்பு கண்ணாடியில் உராயும். சட்டமில்லாத தட்டை வகை பிளேடுகளில் பெரும்பாலும் முழு பிளேடையே மாற்ற வேண்டியிருக்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 முன் கண்ணாடி உள்ள வண்டிகளுக்குச் சரியாக இயங்கும் வைப்பரைக் கட்டாயமாக்குகின்றன. லாரி, பஸ், டாக்சி என்றால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்டும்போது வைப்பரையும் பார்ப்பார்கள். சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுகள் அந்த ஆய்வே கிடையாது. ஆகவே அதன் வைப்பரைச் சோதிக்க வேண்டியவர் உரிமையாளர்தான். மேலுமலை இறக்கத்தில் மழையோடு லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது அதைச் சோதிப்பது மிகத் தாமதம். மார்ச் முடிவதற்குள் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை ரப்பரை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, பொரிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடலாம். பின்பக்கக் கண்ணாடியில் வைப்பர் உள்ள கார் என்றால் மூன்றாவது ஒன்றும் சேரும்.