நெஞ்சுவலியும் ஸ்டீராய்டு மாத்திரையும்

நெஞ்சில் வலி என்றால் நம் வீடுகளில் முதலில் நாடப்படுவது மருத்துவர் அல்ல. இஞ்சிச் சாறும் சோடாவும்தான். 'வாயுப் பிடிப்பு' என்று பெயர் சூட்டிவிட்டு ஓரிரு மணி நேரம் காத்திருப்போம். பலருக்கு அது வாயுவாகவே இருந்துவிடுவதும் உண்டு. ஆனால், முடக்குவாதம், லூபஸ் போன்ற அழற்சி நோய்களுடன் வாழ்ந்துகொண்டு, நீண்டகாலமாக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு பேராபத்தாக முடியக்கூடும்.

அழற்சி என்பது உடலின் தற்காப்பு ஏற்பாடு. காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது அதன் வெளிப்பாடே. அந்த ஏற்பாடு நிலைதடுமாறிச் சொந்த உடலையே தாக்கத் தொடங்கும்போது இத்தகைய நோய்கள் தோன்றுகின்றன. வலி மூட்டில் தெரிந்தாலும் அழற்சி மூட்டோடு நின்றுவிடுவதில்லை. ரத்தக் குழாய்களின் உட்சுவரையும் அது பாதிக்கிறது. அங்கே கொழுப்பு படிவதை விரைவுபடுத்துகிறது.

இதனால்தான், முடக்குவாத நோயாளிகளுக்கு வழக்கமான முறையில் கணக்கிடப்படும் இதயநோய் ஆபத்தை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பு பரிந்துரைக்கிறது. லூபஸ் நோயுள்ள பெண்கள் குறித்து அமெரிக்காவில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வு, 35 முதல் 44 வயது வரையிலானவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு, அதே வயதுடைய மற்ற பெண்களைவிட 50 மடங்குக்கும் அதிகம் எனக் காட்டியது. 'இந்த வயதில் மாரடைப்பா?' என்ற கேள்வி இவர்களுக்குப் பொருந்தாது.

ஸ்டீராய்டின் வரலாறு வியப்பூட்டுவது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த இளம்பெண் ஒருவருக்குப் பின்னாளில் கார்ட்டிசோன் எனப் பெயர்பெற்ற மருந்து செலுத்தப்பட்டது. சில நாள்களிலேயே அவர் நடந்தார். இது தொடர்பான ஆய்வுகளுக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தின் பக்கவிளைவுகளும் விரைவிலேயே தெரியவந்தன.

பொருளியலில் தள்ளிவைக்கப்பட்ட செலவு என்பார்கள். பயன் இன்று கிடைக்கும், விலையைப் பின்னர் கொடுக்க நேரும். ஸ்டீராய்டும் அத்தகையதே. அதிக அளவில் நெடுங்காலம் உட்கொள்ளும்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் கூடுகின்றன; எலும்பு வலுவிழக்கிறது; நோய்த்தொற்று எளிதில் பற்றுகிறது. காய்ச்சல் போன்ற எச்சரிக்கைக் குறிகளை மருந்தே மறைத்துவிடவும் கூடும்.

ஆகவே, இவர்களது நெஞ்சுவலிக்குப் பல காரணங்கள் இருக்க இயலும். மாரடைப்பாக இருக்கலாம். இதயத்தைச் சூழ்ந்த உறையின் அழற்சியாக இருக்கலாம். அந்த வலி படுத்தால் கூடும், முன்னால் சாய்ந்து அமர்ந்தால் குறையும். நுரையீரல் ரத்தக் குழாயில் அடைப்பு, நிமோனியா, வலிநிவாரணிகளுடன் ஸ்டீராய்டும் சேர்ந்து உண்டாக்கிய வயிற்றுப்புண், முதுகெலும்பு முறிவு ஆகியவையும் சாத்தியமே. விலா எலும்புகளின் குருத்தெலும்பு அழற்சி போன்ற தீங்கற்ற காரணமும் இருக்கலாம். இவற்றை வீட்டிலிருந்தபடி பிரித்தறிய எவராலும் இயலாது. இ.சி.ஜி.யும், இதயத்தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவை. முதல் இ.சி.ஜி. இயல்பாக இருப்பது மட்டுமே மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அழுத்துவதுபோன்ற வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் குமட்டலும் கடும் சோர்வும் மட்டுமே அறிகுறிகளாக அமைவதும் உண்டு.

இங்கே இன்னோர் ஆபத்தும் காத்திருக்கிறது. 'எல்லாம் இந்த மாத்திரையால் வந்தது' என்று அஞ்சிப் பலர் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்களுக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்தால், அதைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி உறங்கத் தொடங்கிவிடும். மருந்தைச் சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நோய் கடுமையாகும் வேளைகளில் அளவைக் கூட்ட வேண்டியும் வரும். குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும்.

சட்டப்படி மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத இம்மாத்திரைகள் பல கடைகளில் கேட்டவுடன் கிடைக்கின்றன. பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. தாம் ஸ்டீராய்டு உட்கொள்வதையே அறியாத நோயாளி, அதை அவசர சிகிச்சை மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்?

பிரிட்டனில் 2020 முதல் இத்தகைய நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு அவசர அட்டை வழங்கப்படுகிறது. நம் மருத்துவமனைகளும் இதைப் பின்பற்றலாம். அதுவரை, நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, எத்தனை காலமாக என்ற நான்கு விவரங்களையும் ஒரு தாளில் எழுதி நோயாளி தம் பையில் வைத்திருக்கட்டும். குடும்பத்தினரும் அதை அறிந்திருக்கட்டும். செலவே இல்லாத அந்தத் தாள், பேச இயலாத நேரத்தில் நோயாளிக்காகப் பேசும்.