பெண் குழந்தைக்கு இரத்தக் கசிவு: ஏன்? எப்படிக் கண்டறிவது?

பிறந்த முதல் வாரத்தில் பெண் குழந்தையின் யோனியில் தென்படும் சிறு இரத்தக் கசிவு, தாயிடமிருந்து வந்த ஹார்மோன் குறைவதால் நேர்ந்து தானே நின்றுவிடும். ஆனால் அதன் பின்னர், பூப்பெய்தும் வயதுக்கு வெகு முன்னரே கசிவு தோன்றினால், பெரும்பாலும் தொற்றோ உள்ளே சிக்கிய பொருளோ காரணம் என்றாலும், யோனியில் வளரும் இரு அரிய புற்றுநோய்கள் இல்லையென உறுதிசெய்தாக வேண்டும். ஒன்று, தசையாக முதிர வேண்டிய இளம் உயிரணுக்களை ஒத்து, திராட்சைக் குலைபோல் வெளித்தள்ளும் ராப்டோமயோசார்கோமா. மற்றொன்று, பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்டோரைத் தாக்கும் கருவுணவுப்பைக் கட்டி. பின்னது ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் என்னும் புரதத்தைச் சுரப்பதால் இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் பச்சிளங் குழந்தைகளிடம் அப்புரதம் இயல்பாகவே மிகுந்திருப்பதால், வயதுக்குரிய அளவோடு ஒப்பிடாமல் முடிவு கூறுவது பிழை.

மலேசியாவில், செண்டாயான் தோட்டப்புறக் குழந்தை சிரம்பானின் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ, அங்கிருந்து கோலாலம்பூருக்கோ அனுப்பப்பட்டாலும் முறை ஒன்றே: மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய உள்நோக்கிக் குழாயால் பார்த்து, திசுத்துணுக்கு எடுத்து, எம்ஆர்ஐ படத்தால் பரவலை அளப்பர்.

முன்பு கருப்பையோடு சிறுநீர்ப்பையையும் அகற்றிய கொடிய அறுவைக்கு மாறாக, 1972இல் அமெரிக்காவில் தொடங்கிய ராப்டோமயோசார்கோமா கூட்டாய்வுகளின் பயனாய், இப்போது மருந்தால் கட்டியைச் சுருக்கிய பிறகே எஞ்சியதை அகற்றுகின்றனர். அம்மருந்துகளுள் ஒன்றான வின்கிரிஸ்டின், வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. கருவுணவுப்பைக் கட்டிக்கோ சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினச் சேர்ம மருந்துகளே முதன்மை. சிகிச்சையின்போது ஆல்ஃபா ஃபீட்டோபுரத அளவு ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையாவிடில், கட்டி எஞ்சியிருப்பதாக ஐயுறுவர். ராப்டோமயோசார்கோமாவுக்குத் தரப்படும் மற்றொரு மருந்தான சைக்ளோஃபாஸ்ஃபமைடு சினைமுட்டைகளை அழிக்கக்கூடுமாதலால், நோய் தீர்ந்த சிறுமியரைப் பருவமெய்திய பின்னும் தொடர்ந்து கண்காணிக்கின்றனர்.