அணுசக்தி நகரில் ஒரு வீட்டின் மின் கணக்கு

மும்பையின் கிழக்குப் புறநகரில், செம்பூருக்கு அப்பால் அமைந்துள்ள அணுசக்தி நகர், அணுசக்தித் துறை ஊழியர்களின் குடியிருப்பாகும். 1956 ஆகஸ்டில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கிய டிராம்பே இதன் அண்டைப் பகுதி. பகலில் மெகாவாட் கணக்கில் சிந்திப்போர் பலர் வாழும் இவ்வூரிலும், மாதந்தோறும் வீட்டுக்கு வருவது யூனிட் கணக்கே. ஆயிரம் வாட் ஆற்றலுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஒரு யூனிட்.

இத்தகைய நவீன இல்லம் ஒன்றில் வெப்பப் பம்பு உண்டா என்று கேட்டால் இல்லை என்றே பலர் கூறுவர். உண்மையில் குளிர்பதனப் பெட்டியும் அறைக் குளிர்சாதனமும் வெப்பப் பம்புகளே. வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குப் பாயும். அதனை எதிர்த்திசையில் செலுத்த மின்சாரம் தேவை. கம்ப்ரசர் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் சேர்க்கிறது. ஒன்றரை டன் குளிர்சாதனம் மணிக்கு ஐந்து யூனிட்டுக்கும் அதிகமான வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றச் சுமார் ஒன்றரை யூனிட் மின்சாரமே கொள்கிறது. இம்முறையால் கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் இயலும் என்று கெல்வின் பிரபு 1852-லேயே எடுத்துக்காட்டினார்.

மும்பையில் இதற்கு மற்றொரு சுமையும் உண்டு. கடற்காற்றின் ஈரத்தை நீராக்கி வடிக்காமல் அறை இதமாவதில்லை. ஒரு லிட்டர் நீர் வடிவதற்குச் சுமார் 0.7 யூனிட்டுக்குச் சமமான வெப்பத்தை அகற்ற வேண்டும். குழாயில் சொட்டும் நீர் ஒவ்வொன்றுக்கும் மின் கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது எனலாம்.

அக்டோபர் வெப்பத்தில் நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். இது மாதிரிக் கணக்கே. நான்கு பழைய மின் விசிறிகள் 75 வாட் வீதம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் மாதம் 108 யூனிட். நூறு லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க நாள்தோறும் 2.1 யூனிட்; மாதம் 63. குளிர்சாதனம் இரவில் எட்டு மணி நேரம், கம்ப்ரசர் நின்று நின்று இயங்குவதால் சராசரி 800 வாட் எனக் கொண்டால், 192. குளிர்பதனப் பெட்டிக்கு 20, விளக்குகளுக்கு 8, ஏனையவற்றுக்கு 25 சேர்த்தால் மொத்தம் 416 யூனிட். விளக்கை அணைக்கும்படி பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் விசிறியைக் கவனிப்பதில்லை என்பது இங்கே விளங்கும்.

மகாராஷ்டிரத்தில் வீட்டு மின் கட்டணம் படிப்படியாக உயர்வது. 300 யூனிட்டைத் தாண்டியவற்றுக்கு வீதம் கூடுகிறது. பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட 30 வாட் விசிறிகளால் 108 என்பது 43 ஆகும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. எனவே 20 டிகிரிக்குப் பதில் 24 டிகிரியில் இயங்கும் குளிர்சாதனத்துக்கு ஏறத்தாழ 146 யூனிட் போதும். 2020 முதல் புதிய அறைக் குளிர்சாதனங்களுக்கு 24 டிகிரியே தொடக்க அளவாக விதிக்கப்பட்டது.

எஞ்சியது வெந்நீர். சாதாரண மின் வெந்நீர்க் கருவி ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஒரு யூனிட் வெப்பத்திற்கு மேல் தர இயலாது. வெப்பப் பம்பு சுற்றுக் காற்றின் வெப்பத்தையும் சேர்த்து மூன்று யூனிட் வரை தரும்; 63 என்பது 21 ஆகும். ஐரோப்பாவின் உறைபனிக் காலத்தில் வெளிக்காற்றில் வெப்பம் குறைவாதலால் பம்பின் திறன் சரியும். மும்பைக் காற்று ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. இக்கருவிக்கு இதனினும் ஏற்ற ஊர் அரிது. மூன்று மாற்றங்களும் சேர்ந்தால் மொத்தம் 263 யூனிட்.

ஆயினும் விசிறி எளிதில் மாறலாம், வெந்நீர்க் கருவி அவ்வாறு மாறாது. வெப்பப் பம்பின் விலை அதிகம். நீரை மெதுவாகவே சூடாக்குவதால் பெரிய தொட்டி தேவை. அடுக்குமாடிக் குளியலறையில் அதற்கு இடம் காண்பது கடினம். அரசுக் குடியிருப்பில் வசிப்பவர் ஓய்வு பெறும்போதோ மாற்றலாகும்போதோ வீட்டை ஒப்படைத்துவிடுவார். கட்டடம் துறையினுடையது, கட்டணம் குடியிருப்பவருடையது. தொட்டிக்கான இடமும் குழாயும் கட்டடத்தின் வரைபடத்திலேயே ஒதுக்கப்பட்டாலன்றி, தனி ஒருவர் அச்செலவை ஏற்க முன்வருவது அரிது.