ஊரடங்கில் வடசென்னை: தெருவில் நின்றவர்கள் யார்?

2020 ஏப்ரல் 3ஆம் தேதி கூகுள் நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. கொரோனா ஊரடங்கில் எந்த நாட்டில், எந்த வகை இடங்களில், மக்கள் நடமாட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைச் செல்போன்களின் இருப்பிடத் தகவலை வைத்துச் சொல்லும் கணக்கு அது. அந்த ஆண்டு ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையிலான ஐந்து வாரங்களை இயல்பு நாட்களாக எடுத்துக்கொண்டு ஒப்பிட்டிருந்தார்கள். மார்ச் 29 நிலவரப்படி இந்தியாவில் கடைகள், உணவகங்கள், பொழுதுபோக்கு இடங்களில் 77 விழுக்காடு சரிவு. ரயில், பஸ் நிலையங்களில் 71. மளிகை, மருந்துக் கடைகளில் 65. வேலையிடங்களில் மட்டும் 47.

அந்த மார்ச் 29 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒப்பீடும் ஞாயிற்றுக்கிழமைகளோடுதான். ஞாயிறன்றும் வேலைக்குப் போகிறவர்கள் யார்? ஷிப்டுக்காரர்கள், துறைமுகத் தொழிலாளிகள், மின் நிலைய ஊழியர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள், போலீஸ், துப்புரவுப் பணியாளர்கள். நாடே பூட்டிக் கிடந்த ஐந்தாம் நாளிலும் வேலையிடங்களில் பாதி நடமாட்டம் மிச்சமிருந்தது என்றால், அதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இவர்கள் ஒன்றாகத் திரண்டு வாழ்கிற இடம் சென்னையில் எது என்று கேட்டால் வடக்கே கைகாட்டலாம். ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரப் பட்டை, மேற்கே மணலி. கூகுள் கணக்கு பின்னாளில் மாவட்டவாரியாக வந்தபோதும் இந்தப் பட்டை தனியாகத் தெரியவில்லை. ஒரே சென்னை மாவட்டச் சராசரிக்குள் ராயபுரமும் அடையாறும் கலந்துபோயின. லேப்டாப்பைத் திறந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தவரும், விடியற்காலை ஷிப்டுக்கு சைக்கிள் மிதித்தவரும் சேர்ந்து ஒரே விழுக்காடு ஆனார்கள்.

சராசரியில் காணாமல் போன இந்தப் பகுதி டிவியில் மட்டும் அடிக்கடி தெரிந்தது. "வடசென்னைக்காரங்க சொன்னா கேக்க மாட்டாங்க" என்ற பேச்சு அந்த வருடம் முழுக்க ஓடியது. அது நியாயமான பேச்சு இல்லை. ஏன் என்பதற்கான விடை ஊரடங்கு உத்தரவுக்குள்ளேயே இருக்கிறது.

மார்ச் 24 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட உத்தரவில் விலக்குகளின் பட்டியல் ஒன்று உண்டு. மின் உற்பத்தி, மின் விநியோகம், பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, அத்தியாவசியப் பொருட்களின் போக்குவரத்து, ரேஷன் கடை, உணவு, பால், மீன், ஆஸ்பத்திரி, துப்புரவு என்று அது போகும். இடையில் நிறுத்த முடியாத தொடர் உற்பத்தி ஆலைகள் மாநில அரசின் அனுமதியோடு ஓடலாம் என்றும் இருந்தது. துறைமுகங்களும் மூடப்படவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ராயபுரத்திலிருந்து வடக்கே போனால், பட்டியல் அப்படியே தெருவாக விரிகிறது: சென்னைத் துறைமுகம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி, ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, காசிமேடு மீன்பிடித் துறைமுகம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எண்ணெய்க் கிடங்குகள், மணலி சுத்திகரிப்பு ஆலை, வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளிப் பக்கம் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. அரசு 'வீட்டிலேயே இரு' என்று மக்களிடம் சொன்ன அதே நாளில் இந்தப் பட்டையிடம் 'வேலைக்கு வா' என்றும் சொன்னது.

துறைமுகம் ஓடியது என்பதால் எல்லாம் வழக்கம்போல் நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர் நேரே தொழிற்சாலைக்குப் போவதில்லை. பெரும்பாலும் மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கும் சிஎஃப்எஸ் எனப்படும் சரக்கு நிலையங்களுக்குப் போய், சுங்கச் சோதனை முடிந்து, அங்கிருந்துதான் வாங்கியவரிடம் சேரும். ஊரடங்கில் வாங்கியவரின் ஆலை பூட்டியிருந்தது. எடுக்க ஆள் இல்லாததால் கன்டெய்னர்கள் யார்டில் குவிந்தன. யார்டு நிறைந்தால் துறைமுகத்திலிருந்து எடுக்க முடியாது. துறைமுகத்தில் எடுக்காவிட்டால் கப்பலிலிருந்து இறக்க முடியாது. ஒரு முனையில் பூட்டு போட்டால் நெரிசல் மறுமுனைக்குப் போகும்.

அந்த நெரிசலின் உடம்பு கன்டெய்னர் லாரி. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்பது வடசென்னைக்குப் பழகிய காட்சி. ஊரடங்கில் கூடவே புதிய கஷ்டம் ஒன்று சேர்ந்தது. சாலையோரத்து டீக்கடை இல்லை, சாப்பாட்டுக்கடை இல்லை, பஞ்சர் கடை இல்லை. டிரைவரும் கிளீனரும் லாரிக்கடியில் ஸ்டவ் மூட்டிக் கஞ்சி வைத்தார்கள். வண்டியை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்த டிரைவர்களும் நாடெங்கும் உண்டு. கப்பலில் இருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கடலிலேயே தங்கிப்போன மாலுமிகள், சர்வதேசக் கடல்சார் அமைப்பின் மதிப்பீட்டில், அந்த ஆண்டு இறுதியில் உலகெங்கும் சுமார் நான்கு லட்சம் பேர்.

ஆண்டுக் கணக்கு இதை வேறு விதமாகக் காட்டுகிறது. சென்னைத் துறைமுகம் 2019-20இல் கையாண்ட சரக்கு சுமார் 4.68 கோடி டன். 2020-21இல் 4.36 கோடி டன். அதாவது 7 விழுக்காடுதான் குறைவு. காமராஜர் துறைமுகத்தில் 3.17 கோடியிலிருந்து 2.59 கோடியாக, ஏறக்குறைய 18 விழுக்காடு சரிந்தது. அங்கே இறங்குவதில் பெரும்பங்கு அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரி. ஆலைகள் ஓடாததால் மின்சாரம் குறைவாகத் தேவைப்பட்டது, நிலக்கரியும் குறைந்தது.

மணலி சுத்திகரிப்பு ஆலையின் சிக்கல் இன்னொரு வகை. 2020 ஏப்ரலில் நாட்டின் எரிபொருள் விற்பனை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. ஆனால் சமையல் எரிவாயுவின் தேவை சுமார் 12 விழுக்காடு கூடியது. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மூன்று வேளையும் வீட்டில் சமையல். கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது கேஸ் மட்டும் தனியாக வருவதில்லை. பெட்ரோலும் டீசலும் கூடவே வரும். வண்டிகள் ஓடாததால் டீசல் தேங்குகிறது என்று ஆலையை மூடினால் அடுப்புக்கு கேஸ் இல்லை. அதனால் இப்படிப்பட்ட ஆலைகள் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு ஓடின. ஆனால் உற்பத்தி பாதியானால் ஆள் பாதியாவதில்லை. கட்டுப்பாட்டு அறைக்கும், பம்புக்கும், தீயணைப்புக்கும் மூன்று ஷிப்டிலும் ஆள் வேண்டும்.

அதே பட்டையில் முழு மௌனமும் இருந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் நின்றது. 1955இல் தொடங்கிய திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையும் நின்றது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் அந்த ஏப்ரலில் மொத்தமாக விற்றது 91 வண்டி, அத்தனையும் ஏற்றுமதி. உள்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளம் என்று ஏதோ வந்தது. காண்டிராக்ட் ஆளுக்கும், உதிரிபாகம் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறைக்காரருக்கும் அந்த உத்தரவாதம் இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் துறைமுகத்துக்குப் போயே ஆக வேண்டும், தம்பி பட்டறைக்குப் போகவே கூடாது என்ற நிலை. மாநில அரசு அரிசி கார்டுக்கு 1,000 ரூபாயும் இலவச ரேஷனும் கொடுத்தது. அம்மா உணவகங்கள் சோறு போட்டன. ரேஷனும் சோறும் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும்.

வரிசை என்றதும் காசிமேட்டுக்கு வரவேண்டும். மீன் விற்பனைக்கு முதல் நாளே விலக்கு இருந்தது. கடலுக்குப் போய்ப் பிடிப்பதற்கான தெளிவான விலக்கு ஏப்ரல் 10 அன்றுதான் வந்தது. ஐந்தே நாளில், ஏப்ரல் 15 அன்று, வருடாந்திர மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் மறுபடியும் கட்டிக்கிடந்தன. நிலைமையைப் பார்த்து மத்திய அரசு அந்த ஆண்டு மட்டும் 61 நாள் தடையை 47 நாளாகக் குறைத்து மே 31 உடன் முடித்தது.

அதன்பிறகு வந்த ஒரு விதியைப் பாருங்கள். 2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தமிழகம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. சென்னைக்காரர் மீன் வாங்குவதே ஞாயிற்றுக்கிழமைதான். சந்தையை ஞாயிறு மூடினால் ஆசை அடங்குமா? கூட்டம் சனிக்கிழமைக்கு மாறியது. வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் ஏலம் கேட்கும் வியாபாரிகள், கூடையோடு நிற்கும் மீன்காரம்மாக்கள், ஐஸ் உடைக்கும் பையன்கள், வீட்டுக்கு இரண்டு கிலோ வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே காலையில், ஒரே தளத்தில், முகக்கவசம் தாடைக்கு இறங்கிய நிலையில். படம் எடுத்தவர்கள் கூட்டத்தைக் காட்டினார்கள், விதியைக் காட்டவில்லை. 2022 ஜனவரியில் ஞாயிறு ஊரடங்கு திரும்பி வந்தபோது இதே காட்சி மறுபடியும் நடந்தது.

கடை நேரத்திலும் இதே தவறு. 2020 ஏப்ரல் 5 முதல் மளிகைக் கடைகளின் நேரம் காலை 6 முதல் மதியம் 1 வரை என்று சுருங்கியது. ஊரடங்குக்கு முன்பு காலை 6 முதல் இரவு 10 வரை, பதினாறு மணி நேரத்தில் பரவியிருந்த கூட்டம் ஏழு மணி நேரத்துக்குள் வரவேண்டும். பாதிப் பேர் வெளியே வராமல் இருந்தால்கூட ஒரு மணி நேரத்துக்கான நெரிசல் குறையாது; கொஞ்சம் கூடவே செய்யும். ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், முந்தைய நாள் ஊரே கடைக்கு ஓடியது. அன்றைக்கு மட்டும் மாலை 3 மணிவரை நேரத்தை நீட்ட வேண்டியிருந்தது. 2021 மே மாதம் கடை நேரம் காலை 10 மணியோடு முடிந்தபோது கேட்கவே வேண்டாம்.

ஷிப்டு முடிந்து வருகிறவர் எப்போது கடைக்குப் போவார் என்ற கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2020 ஜூன் முதல் வாரத்தில் ராயபுரம் மண்டலத்தில் மட்டும் தொற்று எண்ணிக்கை 3,000-ஐக் கடந்தது. மாநகராட்சியின் 15 மண்டலங்களில் அதுவே முதலிடம். மண்ணடி, கொத்தவால்சாவடி, சவுகார்பேட்டை என்று சென்னையின் மொத்த வியாபாரம் நடக்கும் சந்துகளும் அந்த மண்டலத்தில்தான் வருகின்றன. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள். தெருக்குழாயில் குடம் வரிசை. மாடிக்கு ஒரு கழிப்பறை. இப்படி இருக்கும் வீட்டில் 'தனிமைப்படுத்திக்கொள்' என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. வெயில் காலத்து மாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஆறு பேரும் உட்கார முடியாது. வாசலில் உட்கார்ந்தவர்களை 'தெருவில் சுற்றுகிறவர்கள்' என்று எண்ணினார்கள்.

தொற்று வந்த தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தார்கள். அந்தத் தகரம் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பது முக்கியம். ஆலைக்கு விலக்கு உண்டு. ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட தெருவிலிருந்து வருகிறவருக்கு விலக்கு இல்லை. தினக்கூலிக்காரருக்கு அது கூலி இல்லாத நாட்கள். காய்ச்சல் முகாமுக்குப் போகலாமா, பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று தயங்கியவர்களின் பயத்தில் வைரஸுக்கு இருந்த பங்கு போலவே இந்தத் தகரத்துக்கும் பங்கு இருந்தது. மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் வீடு வீடாக ஆள் அனுப்பிக் காய்ச்சல் கேட்கத் தொடங்கியதுதான் மெல்ல நிலைமையைத் திருப்பியது. அந்தக் கதவுகளைத் தட்டிய தன்னார்வலர்களில் பலர் அந்தந்தப் பகுதிப் பெண்கள்.

வேலைக்கு வரச் சொன்னவர்கள் வருவதற்கு வண்டி விட்டார்களா என்றால், அதுவும் குறைவுதான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் உள்ள ஊரில், கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் மார்ச் கடைசியில் நின்றது. அத்தியாவசியப் பணியாளர்களுக்கென்று புறநகர் ரயில் 2020 அக்டோபர் 5 அன்றுதான் திரும்பியது. மாநகரப் பேருந்து பொதுமக்களுக்கு ஓடியது செப்டம்பர் 1 முதல். இடைப்பட்ட மாதங்களில் கம்பெனி வண்டி இல்லாதவர் சைக்கிளிலும் பைக்கிலும் பாஸைக் காட்டிக் காட்டிப் போனார். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான 9 கிலோமீட்டர் மெட்ரோ 2021 பிப்ரவரி 14 அன்று திறந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. மே 10 அன்று இரண்டாம் அலை ஊரடங்கில் அதுவும் நின்றது.

அந்த மே மாதத்தில் கேள்வி மாறியிருந்தது. நெருக்கமான அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்ப்பது பாதுகாப்பா என்று தொழிலாளர்களே கேட்டார்கள். நகரின் மறுபக்கத்தில் ஹூண்டாய் ஆலைத் தொழிலாளர்கள் மே 24 அன்று உள்ளிருப்பில் இறங்கினார்கள். மறுநாளிலிருந்து ஐந்து நாள் ஆலை மூடப்பட்டது. கார் ஆலையை ஐந்து நாள் நிறுத்தலாம். வடசென்னையின் பல வேலைகளுக்கு அந்த வசதி இல்லை. ஆஸ்பத்திரிகளில் ஆக்ஸிஜனுக்கு அல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில், 2021 மே 14 அன்று, தமிழகத்துக்கான முதல் ஆக்ஸிஜன் எக்ஸ்பிரஸ் மேற்கு வங்கத்தின் துர்காப்பூரிலிருந்து சுமார் 80 டன் திரவ ஆக்ஸிஜனோடு வந்து நின்ற இடம் தண்டையார்பேட்டை கன்டெய்னர் கிடங்கு. ஊரே பூட்டியிருந்த அன்றைக்கும் அந்த யார்டில் ஆள் இருந்தது.