தாத்தா காருக்கு நடுக்கம்... நாடி பார்க்கலாம் வாங்க!

பாஸ், உங்க வீட்டு ஷெட்டிலோ, பெரியப்பாவின் தென்னந்தோப்பிலோ ஒரு பழைய அம்பாசடர் தூங்கிக்கிட்டு இருக்கா? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் வேலை நின்றதோடு அம்பாசடருக்கு ஃபுல்ஸ்டாப் விழுந்தாச்சு. இருக்கிற வண்டியைக் காப்பாத்தினாத்தான் உண்டு.

பழைய வண்டிக்கு வர்ற வியாதிகளிலேயே படா வில்லன், வைப்ரேஷன். சத்தம் வந்தா காது வெச்சுக் கேட்கலாம், ஆயில் ஒழுகினா தரையைப் பார்க்கலாம். நடுக்கத்தை எங்கே போய்த் தேடுறது? என் ரூம்மேட்டோட தாத்தாவின் 1978 மாடல் வண்டியையே எடுத்துக்கோங்க. ஊர் பொள்ளாச்சி. ஐம்பது வரைக்கும் பசு மாதிரி போகும். அறுபதைத் தொட்டா சீட்டு, தரை, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் கிடுகிடு! நாலு டயர் மாத்தியாச்சு, வீல் பேலன்ஸிங் ரெண்டு தடவை, இன்ஜின் மவுன்ட்டிங் ரப்பரும் புதுசு. செலவு ஏறுச்சே தவிர நடுக்கம் இறங்கலை. 'பொங்கல் முடிஞ்சதும் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்'னு மாமா நாளே குறிச்சுட்டார். தாத்தா மறுபேச்சு பேசலை. அதான் எங்களுக்குப் பொறுக்கலை.

நீங்க ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடி, வண்டிகிட்ட கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கு. நடுங்குறது ஸ்டீயரிங்கா, சீட்டா? ஸ்டீயரிங்னா முன்பக்க வீலைச் சந்தேகப்படுங்க. சீட்டுன்னா பின்பக்கம். பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் ஓடினதும் தானா சரியாகுதா? அது ரொம்ப நாள் நின்ன டயர் ஒரு பக்கம் தட்டையானதால வந்தது, விட்டுடுங்க. நம்ம தாத்தா வண்டியில் சீட்டுதான் ஆடுச்சு, ஓட ஓடவும் அடங்கலை.

அடுத்தது சூப்பர் டெஸ்ட். ஆள் நடமாட்டமே இல்லாத நேர் ரோட்டில் அறுபதில் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளுங்க. (சாவியை ஆஃப் பண்ணிடாதீங்க சாமி!) இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிடும். நடுக்கமும் கூடவே இறங்கினா குற்றவாளி இன்ஜின் பக்கம். எங்களுக்கு இறங்கலை. ஆக, மவுன்ட்டிங் ரப்பருக்குக் கொடுத்த காசு காந்தி கணக்கு!

மிச்சம் ரெண்டு பேர். சக்கரம், இல்லேன்னா கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். இங்கேதான் ஃபர்ஸ்ட் இயர் கணக்கு கை கொடுத்துச்சு. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர்னா சக்கரம் விநாடிக்கு எட்டுச் சொச்சம் சுற்று. ஷாஃப்ட் அதைவிட நாலரை மடங்கு வேகம், அதாவது 37 சுற்று. (எப்படிக் கண்டுபிடிச்சோம்? நியூட்ரலில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, ரெண்டு சுற்று சுத்தி, ஷாஃப்ட் எத்தனை சுற்றுதுன்னு எண்ணினோம். ஏன் ரெண்டு சுற்றுன்னு கேட்டா டிஃபரன்ஷியல் சாப்டரைப் புரட்டுங்க!) ஜாயின்ட்டின் கோணம் சரியில்லேன்னா ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை உதறும், அது 75.

மொபைலில் ஒரு இலவச வைப்ரேஷன் ஆப் போட்டு, பின்சீட்டுக்குக் கீழே தரையில் டேப் அடிச்சு ஒட்டினோம். எட்டில் ஒண்ணும் இல்லை. 75-ல் சின்ன மேடு. 37-ல் மலை!

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே படுக்காதீங்க) கீழே புகுந்தோம். ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தா கிராஸில் லேசா ஆட்டம். இதைக் கண்டுக்காம ஓட்டுறது விளையாட்டில்லை. கிராஸ் உடைஞ்சு ஷாஃப்ட்டின் முன்முனை ரோட்டில் விழுந்தா வண்டியையே தூக்கி எறிஞ்சுடும். ஆனா, புது கிராஸ் போட்டும் பாதி நடுக்கம் அப்படியே இருந்துச்சு. துணியால் மண்ணைத் துடைச்சப்பதான் கண்ணில் பட்டுச்சு: குழாயின் ஓரத்தில் வெல்டிங் தழும்பு மட்டும் இருக்கு, அதில் இருக்க வேண்டிய குட்டி பேலன்ஸ் தகடைக் காணோம். எந்த வருஷம், எந்த ரோட்டில் உதிர்ந்துச்சோ!

அந்த இடத்தில் ரெண்டு ஹோஸ் கிளிப்பை மாட்டி, ஸ்க்ரூ தலையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி நகர்த்தி ஓட்டினோம். நாலாவது ரவுண்டில் மலை மடுவாச்சு. அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு ஷாஃப்ட் பேலன்ஸிங் பட்டறையில் கொடுத்து, முறையா எடை பார்த்துப் புதுத் தகடு வெல்டு பண்ணி மாட்டினோம்.

தாத்தா உடுமலைப்பேட்டை வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டிட்டு வந்தார். மாமா பின்சீட்டில். 'கதவுதான் கொஞ்சம் கடகடங்குது'ன்னு மட்டும் சொன்னார் மாமா. அதுக்கு அடுத்த லீவு இருக்கு!