நெல்மணியும் இருபது இலக்க எண்ணும்

சதுரங்கத்தைக் கண்டவருக்கு மன்னன் பரிசளிக்க முன்வந்த கதையை நாம் அறிவோம். முதற் கட்டத்திற்கு ஒரு தானியமணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருமாறு அவர் வேண்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் இக்கதையை எழுதி வைத்தார். அவருக்கு முன்பே அறிஞர் அல்பீரூனி (மறைவு 1048) கணக்கைச் செய்து முடித்திருந்தார்.

அவ்விடை 1,84,46,74,40,73,70,95,51,615 ஆகும். இதனைப் பெற அறுபத்து நான்கு எண்களைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதிலுள்ள மணிகள் அதற்கு முந்திய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகையைவிட ஒன்றே ஒன்று மிகுதி. எனவே அறுபத்தைந்தாம் கட்டம் ஒன்றிருந்தால் அதில் வரக்கூடிய எண்ணைக் கண்டு, ஒன்றைக் கழித்தால் போதும். 2-ஐ அதனாலேயே பெருக்கினால் 4, அதை அவ்வாறே பெருக்கினால் 16, பின்னர் 256, 65,536. இன்னும் இருமுறை பெருக்கினால் அந்த எண் வந்துவிடுகிறது. அல்பீரூனி சென்ற வழியும் இதுவே.

இவ்வெண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும். ஆதலால் இது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இதன் பகா எண் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. இவற்றுள் 641-ஐயும் இறுதிக் காரணியையும் பெருக்கினால் 429,49,67,297 கிடைக்கும். பெர்மா என்னும் பிரெஞ்சுக் கணித மேதை இதனைப் பகா எண் என்றே நம்பினார். அது 641-ஆல் வகுபடுவதை 1732-இல் ஆய்லர் காட்டினார். அத்துணைப் பெரியவர் நம்பியதை ஒரு வகுத்தல் கணக்கு மாற்றிவிட்டது!

இனி, இம்மணிகளை நம் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லாகக் கொள்வோம். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். ஆயிரம் மணிக்கு 25 கிராம் என்றும், ஏக்கருக்குப் போகமொன்றுக்கு இரண்டரை டன் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதல் எட்டுக் கட்டங்களின் நெல் ஆறு கிராமுக்குச் சற்று மிகும். ஒரு கைப்பிடிக்கும் காணாது. பதினாறாம் கட்டம் முடிய ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பாதிப் பலகை நிரம்ப 107 டன். ஏறத்தாழ 43 ஏக்கரின் ஒருபோக விளைச்சல். பள்ளத்தாக்கின் ஓராண்டு நெல் முழுவதும் சேர்ந்தால், அதாவது 73,535 டன், 41 கட்டங்கள் நிரம்பிவிடும்.

தண்ணீர் வராமல் ஒருபோகம் பொய்த்துப் போனாலும் 40 கட்டங்கள் நிரம்பும். உழவனுக்கு அரை வயிறாகிப் போகும் ஆண்டு, பலகையில் ஒரே கட்டப் பின்னடைவாகத்தான் தெரிகிறது.

பெரியாற்று நீருக்காக 1886-இல் எழுதப்பட்ட குத்தகை 999 ஆண்டுகளுக்கானது. அத்தனை ஆண்டுகளும் இருபோகமும் தவறாது விளைந்து, ஒரு மணியும் உண்ணப்படாமல் குவிந்தாலும் நிரம்புவன 51 கட்டங்களே. ஓராண்டு விளைச்சல் நாற்பத்தொரு கட்டங்களை நிரப்ப, எஞ்சிய 998 ஆண்டுகள் பத்துக் கட்டங்களையே கூட்டுகின்றன. பத்துமுறை இரட்டித்தால் 1,024 மடங்காகும் என்பதே இதன் காரணம். ஐம்பத்திரண்டாம் கட்டம் பாதியும் நிறையாது. அதற்கப்பால் பன்னிரண்டு கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கும். பலகை முழுதும் நிரம்ப இப்பள்ளத்தாக்கு 62 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் விளைய வேண்டும்.